லோத்தா, தானியேலா?

தேவனை அறியாதவர்கள் நடுவே வாழும் விசுவாசிக்கு பைபிளில் வரும் இந்த இருவரில் யார் முன்மாதிரி? இருவரும் விசுவாசிகள்தான், தேவனை அறியாத ஊரில் வாழ்ந்தவர்கள். லோத்து தானாகப் போனார். தானியேல் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனார்.

லோத்து ஒரே நாளில் சோதோம்காரர் ஆகிவிடவில்லை. ஆதியாகமம் 13-இல் நீர்வளத்தைப் பார்த்துத் திசையைத் தேர்ந்தெடுத்து, சோதோமுக்கு நேரே கூடாரம் போடுகிறார். 19-ஆம் அதிகாரத்தில் பார்த்தால், ஊர்ப் பெரியவர்கள் கூடும் நகர வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஊரின் அக்கிரமம் அவர் மனதை வாட்டியது என்கிறது 2 பேதுரு 2. வாட்டியது சரி, கிளம்பினாரா? ஊருக்கு அழிவு வருகிறது என்று அவர் சொன்னபோது மருமக்கள் கேலி என்றே நினைத்தார்கள். அவரே தயங்கி நின்றதால் தேவதூதர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

தானியேல் பாபிலோனில் எல்லாவற்றையும் மறுக்கவில்லை. பிரசங்கங்களில் இதை நாம் விட்டுவிடுகிறோம். பாபிலோனை ஆண்ட கல்தேயரின் பாஷையைக் கற்றார், பெல்தெஷாத்சார் என்ற அவர்கள் வைத்த பெயரால் அழைக்கப்பட்டார், அரசாங்க வேலையும் பார்த்தார். ராஜாவின் போஜனமும் திராட்சரசமும் வேண்டாம் என்பதில் கோடு கிழித்தார். அதையும் சண்டை போடாமல், காய்கறியும் தண்ணீரும் கொடுத்து 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுத்தான் செய்தார்.

அதனால் என் வாக்கு தானியேலுக்கே. பிற்பாடு, ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற தடைச்சட்டம் வந்தபோதும் எருசலேமை நோக்கிய ஜன்னல் திறந்தே இருந்தது, தினம் 3 வேளை ஜெபமும் நடந்தது. சட்டத்தை எதிர்க்கப் புதிதாகத் தொடங்கிய பழக்கமல்ல அது. முன்பு செய்துவந்தபடியே செய்தார் என்கிறது தானியேல் 6:10.