லுவார், தொர்தோஞ், லொத்: ரோடு சைக்கிளுக்கு எந்த ஆற்றங்கரை?

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் ஊரைத் தேடுகிறார்கள். ஆற்றை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். அங்கே பழைய ஊர்கள் பலவும் ஆற்றைப் பார்த்து எழுந்தவை. படகு நின்ற இடத்தில் துறை, துறைக்குக் காவலாக மேலே கோட்டை, கோட்டையின் காலடியில் சந்தை என்று வளர்ந்தவை. ஆறு எது என்று தெரிந்துவிட்டால் ஏற்றம், காற்று, சாலை, தங்கும் இடம் எல்லாம் பாதிக்கு மேல் முடிவாகிவிடும்.

நான் ஒப்பிட எடுத்துக்கொள்வது மூன்று: லுவார், தொர்தோஞ், லொத். மூன்றாவதோடு அதன் துணையாறான செலேயையும் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று கரைகளிலும் 25 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு சைக்கிளில்தான் ஓட்டியிருக்கிறேன். அகலமான டயர் உள்ள பயண சைக்கிளில் போகிறவருக்கு என் தீர்ப்பு கொஞ்சம் மாறலாம்.

லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு; ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நெவேர் நகருக்கு அருகிலிருந்து அட்லாண்டிக் கரை வரை சுமார் 900 கிலோமீட்டருக்கு ‘லுவார் ஆ வெலோ’ என்ற சைக்கிள் தடம் இருக்கிறது. அட்லாண்டிக்கையும் கருங்கடலையும் இணைக்கும் ‘யூரோவெலோ 6’ தடத்தின் பகுதி இது. திருப்பத்துக்குத் திருப்பம் பலகை உண்டு. வழி தவறுவது கடினம். ‘அக்கேய் வெலோ’ முத்திரை பெற்ற விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் சிறு பழுது பார்க்கக் கருவிகளும் கிடைக்கும். ஆற்றை ஒட்டியே ரயில் பாதையும் போவதால் உடல் முடியாத நாளில் அடுத்த நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். முதல் முறை வருகிறவருக்கும் பிள்ளைகளோடு வருகிறவருக்கும் இதைவிடப் பாதுகாப்பான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ரோடு சைக்கிள்காரருக்கு இரண்டு குறைகள். ஒன்று, தடத்தின் தரை. தார் வழவழவென்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று சன்னமான சரளை மண் தொடங்கும். வெயில் காலத்தில் அந்த வெண்தூசி சங்கிலியில் மாவு போல் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்திருந்தால் பிரேக்கில் அரைபடும். தார்ச்சாலைதான் வேண்டும் என்று கரைமேட்டின் மேல் போகும் மாவட்டச் சாலைக்கு ஏறினால், நேர்கோட்டில் பறக்கும் கார்களோடு ஓட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, லுவாரின் பெருமை கிராமங்களில் இல்லை, மாளிகைகளில் இருக்கிறது. ஷாம்போர், புளுவா, அம்புவாஸ், வில்லாந்திரி என்று ஒவ்வொன்றும் அரை நாளைக் கேட்கும். லியனார்டோ டா வின்சி 1519-இல் இறந்தது அம்புவாஸில்தான். அந்த வீட்டைப் பார்க்காமல் போக மனம் வருமா? சைக்கிளைப் பூட்டு, காலணியை மாற்று, வரிசையில் நில், மறுபடியும் சைக்கிளை எடு என்று நாள் துண்டு துண்டாகிவிடுகிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். வியென் ஆறு லுவாரில் கலக்கும் இடத்தில் காந்த்-சான்-மார்த்தான் என்ற ஊர் இருக்கிறது. தூர் நகரின் ஆயராக இருந்த புனித மார்ட்டின் 397-இல் இங்கே இறந்தார். வீடுகள் எல்லாம் ‘துஃபோ’ என்னும் மென்மையான வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியவை. மாலை வெயிலில் அவை வெண்ணெய் நிறத்துக்கு மாறுவதைத் துறையில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஃபோன்தவ்ரோ மடாலயம். அக்கித்தேனின் எலினோர் அரசி, அவர் கணவரான இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, மகன் ரிச்சர்ட் மூவரின் கல்லறைச் சிலைகளும் அங்கே இருக்கின்றன. எலினோரின் சிலை படுத்தபடி புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறது.

லுவாரில் திசை முக்கியம். பள்ளத்தாக்கு கடலை நோக்கித் திறந்து கிடப்பதால் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. நாந்த் நகரில் தொடங்கிக் கிழக்கே போனால் காற்று முதுகைத் தள்ளும். பல பயணத் திட்டங்கள் ஆற்றோடு கூடவே கடலை நோக்கிப் போகும்படி எழுதப்பட்டிருக்கின்றன. கேட்க அழகாக இருக்கிறது. எதிர்காற்றில் மூன்றாம் நாள் மாலை அந்த அழகு நினைவில் இருக்காது.

தொர்தோஞ் முற்றிலும் வேறு குணம். சான்சி மலையில் பிறந்து சுமார் 480 கிலோமீட்டர் ஓடி, கரோன் ஆற்றோடு கூடி ஜிரோந்து முகத்துவாரமாகக் கடலை அடைகிறது. சார்லா நகருக்குத் தெற்கே அது வளைந்து வளைந்து போகும் பகுதிதான் நமக்கு வேண்டியது. பெனாக், கஸ்தெல்னோ, லா ரோக்-கஜாக், தோம் ஆகிய நான்கு ஊர்களும் ஒரு காலை நேரத்துக்குள் அடங்கும் தூரத்தில் இருக்கின்றன. நான்குமே ‘பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்’ சங்கத்தின் பட்டியலில் உள்ளவை. 1982-இல் கொலோஞ்-லா-ரூஜ் ஊரின் மேயர் தொடங்கிய சங்கம் அது. இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊரைச் சேர்ப்பதில்லை.

பெனாக் கோட்டையும் கஸ்தெல்னோ கோட்டையும் ஆற்றின் இரு பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நூறாண்டுப் போரில் முன்னது பிரெஞ்சு மன்னர் பக்கம். பின்னது பலமுறை கைமாறினாலும் நெடுங்காலம் ஆங்கிலேயர் பக்கம். நடுவில் ஓடும் ஆறே எல்லைக்கோடு. பாலத்தில் சைக்கிளை நிறுத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் அந்தப் போர் ஏன் அத்தனை காலம் நீண்டது என்பது புரிகிறது. தோம் 1281-இல் மன்னர் மூன்றாம் பிலிப் நிறுவிய அரண் சூழ்ந்த ஊர். ஆற்றுக்கு மேலே 150 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. செனாக் பக்கமிருந்து அதற்கு ஏறும் சாலையில் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய இடங்கள் உண்டு. மேலே போய்ச் சுவரோரம் நின்றால் வால்நட் தோப்புகளும் ஆற்றின் வளைவும் ஒரே பார்வையில் விரிகின்றன. நான் பார்த்த பிரெஞ்சு நிலக்காட்சிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பிறகு ஏன் தொர்தோஞை முதலிடத்தில் வைக்கவில்லை? போக்குவரத்துதான் காரணம். பாறைக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு சாலைக்குத்தான் இடம். ஜூலை, ஆகஸ்டில் அந்த ஒற்றைச் சாலையில் கார், சுற்றுலாப் பஸ், வீட்டு வண்டி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பெனாக்குக்குப் புறவழிச்சாலை போடும் பணி 2018-இல் தொடங்கி, அந்த ஆண்டின் இறுதியிலேயே நீதிமன்ற ஆணையால் நின்றது. நிலக்காட்சி கெட்டுவிடும் என்ற வாதம் வென்றது. நானும் அந்த வாதத்தின் பக்கம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் மூச்சு கேட்கும்போது கைப்பிடி இறுகத்தான் செய்கிறது.

இதற்கு வழி உண்டு. காலை ஏழு மணிக்கு முன்பே பெனாக்கைக் கடந்துவிடுங்கள். அல்லது செப்டம்பரில் போங்கள். கஸ்தெல்னோவிலிருந்து மேற்கே தென்கரையில் போகும் டி53 சிறு சாலை அமைதியானது. பாடகியும் நடனக் கலைஞருமான ஜோசஃபின் பேக்கர் தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்த மிலாந்த் மாளிகை அந்த வழியில்தான் வருகிறது. சார்லாவிலிருந்து கசூலேஸ் பக்கம் போகும் பழைய ரயில் பாதை இப்போது சைக்கிள் தடம். ஆற்றின் மேல்பகுதியில் கரென்னாக், லூப்ரசாக், ஒத்துவார் ஆகிய ஊர்களைச் சுற்றினால் அழகுக்குக் குறைவில்லை. கூட்டம் பாதிகூட இல்லை.

இனி லொத். இங்கே நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை.

காவோர் நகரில் தொடங்குங்கள். பாரிஸிலிருந்து துலூஸ் போகும் ரயில் அங்கே நிற்கிறது. 1308-இல் வேலை தொடங்கிய வாலோந்த்ரே பாலம் மூன்று கோபுரங்களோடு இன்றும் ஆற்றைக் கடக்கிறது. ஆற்றோடு கிழக்கே போனால் பூசியெஸ். படகுகளைக் கயிறு கட்டி இழுக்கப் பாறையைக் குடைந்து அமைத்த நடைவழி அங்கே இருக்கிறது. அதற்கு மேல் நூறு மீட்டர் உயரத்தில் சான்-சீர்-லபோப்பி. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950-களில் அங்கே வீடு வாங்கிக் கோடைகளைக் கழித்தார். ஏறிப் பாருங்கள், ஆனால் பகல் பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

இறங்கியதும் கோந்துஷே அருகே வடக்கே திரும்பும் சிறு சாலைதான் டி41. செலே ஆற்றோடு ஃபிஜாக் வரை போகும் இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கப்ரரே ஊரை நெருங்கும்போது பாறை சாலையின் மேல் கூரை போலக் கவிழ்கிறது. நான் போன காலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இருந்தது. பாறை விளிம்பிலிருந்து சொட்டிய நீர் கைப்பிடியின் நாடாவில் விழுந்து கருத்த புள்ளிகளாகப் பரவியது. நிமிர்ந்து பார்த்தால் பாறையின் இடுக்கில் ஒரு கோட்டைச் சுவர். அதன் சாளரத்தில் முளைத்த செடி. இடப்பக்கம் முழங்கால் உயரக் கற்சுவர். அதைத் தாண்டி நாணல், அப்பால் நீர். இருபது நிமிடத்தில் என்னைக் கடந்தது ரொட்டி விநியோகிக்கும் வேன் ஒன்றுதான். அதன் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, முழு அகலம் விட்டு விலகிப் போனார்.

இந்தச் சாலையின் ஏற்ற இறக்கம் உடலுக்கு இதமானது. ஆறு வளையும் இடத்தில் சாலை கொஞ்சம் ஏறும், மூச்சு வாங்குவதற்குள் இறங்கிவிடும். கியரை இரண்டு பல் மாற்றினால் போதும். தார் சில இடங்களில் சொரசொரப்பு என்றாலும் முழுத் தூரமும் தார்தான். வலிமை மிகுந்தவர்கள் எந்த ஊரிலிருந்தும் ‘கோஸ்’ எனப்படும் வறண்ட சுண்ணாம்புப் பீடபூமிக்கு ஏறிப் போகலாம். 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் வௌட் வான் ஆர்ட் வென்ற 40.7 கிலோமீட்டர் தனிநேரப் போட்டி இதற்கு வடக்கே ரொக்கமதூர் வரை அத்தகைய மேட்டு நிலத்தில்தான் நடந்தது.

கப்ரரேக்கு மேலே, ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள பெஷ் மெர்ல் குகை. 1922-இல் பதின்வயதுப் பிள்ளைகள் உள்ளே புகுந்து கண்டுபிடித்தது. இதேபோன்ற ஓவியங்களுக்குப் பேர்போன, வெசேர் பள்ளத்தாக்கின் லாஸ்கோ குகை 1963 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அங்கே பார்ப்பது நகலை. பெஷ் மெர்லில் அசலையே பார்க்கலாம்: புள்ளிகள் இட்ட இரண்டு குதிரைகள், அவற்றைச் சுற்றிக் கைத்தடங்கள். நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல் அனுமதியில்லை, முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே குளிரும், வியர்வை ஈரத்தோடு நுழையாதீர்கள், மேல்சட்டை வேண்டும்.

அப்புறம் மார்சியாக். மடாலயத்தின் பழைய பகுதி கூரையிழந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. என் பின்டயர் அங்கேதான் காற்றை இழந்தது. டியூப் மாற்றி முடித்தபோது புட்டியில் நீர் இல்லை. பிரெஞ்சு கிராமங்களில் இதற்கு வழி கல்லறைத் தோட்டம்: பூக்களுக்கு ஊற்றப் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்று பலகை இல்லையா என்று பார்த்துவிட்டு நிரப்பிக்கொண்டேன்.

செலேயின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கோந்துஷேக்கும் ஃபிஜாக்குக்கும் இடையே ரயில் கிடையாது. சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு டியூப், ஒரு சங்கிலி இணைப்பு, டயர் நெம்பி கட்டாயம். ரொட்டிக்கடை பன்னிரண்டரைக்குள் மூடிவிடும், திங்கட்கிழமை திறக்காமலே போகலாம். சாப்பாட்டைக் காலையிலேயே முதுகுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாளிகைகளின் பகட்டும் மாலை நேரக் கடைத்தெருவும் வேண்டுமென்றால் இந்தப் பள்ளத்தாக்கு அவற்றைத் தராது.

எனவே, பிள்ளைகளோடு என்றால் லுவார், மேற்கிலிருந்து கிழக்காக. செப்டம்பரில் மூன்றே நாள் கிடைத்தால் தொர்தோஞ், விடியலில். தனியாகவோ ஒத்த கால்வலிமை உள்ள நண்பரோடோ மே, ஜூன் மாதங்களில் போகிறவர் காவோரில் இறங்கட்டும். செலே வழியாக ஃபிஜாக், அங்கே ஓர் இரவு, மறுநாள் கஜார்க் வழியாக லொத் கரையோடு காவோர்: இரண்டு நாளில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஃபிஜாக்கில் மாலையில் சாம்பொல்லியோன் பிறந்த வீட்டுக்குப் பின்னால் போங்கள். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டியவர் அவர். அங்கே ஒரு சிறு முற்றத்தின் தரை முழுவதும், அந்த வாசிப்புக்குத் துணைநின்ற ரொசெட்டா கல்வெட்டின் பிரம்மாண்ட நகல், கருங்கல்லில். சைக்கிள் காலணியின் அடியில் பெடலில் மாட்டும் கட்டை வழுக்கும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு அந்த எழுத்துகளின் மேல் நடங்கள்.