கன்னியாகுமரி காம்ப்ளக்ஸா, சன்னதித் தெருவா, கோவளமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சுற்றுலாக்காரர்களை நம்பிக் கடை போட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கன்னியாகுமரியில் ஷாப்பிங் காம்ப்ளக்ஸில் ஒரு ஷட்டர் எடுக்கலாம். கோயிலுக்கும் படகுத்துறைக்கும் போகிற வழியில், சன்னதித் தெரு மாதிரி இடத்தில் தனிக்கடை பிடிக்கலாம். இல்லையென்றால் களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய்க் கோவளம் கலங்கரை விளக்கக் கடற்கரையில் இடம் பார்க்கலாம்.

மூன்றையும் தரகர் ஒரே கணக்கில்தான் சொல்வார்: சதுர அடிக்கு மாதம் இவ்வளவு. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வருடத்தில் எத்தனை மாதம் நிஜமாக வியாபாரம் நடக்கும், வாசலில் ஆள் நடமாட்டம் எந்த நேரத்தில், சரிப்படவில்லை என்றால் எப்படி வெளியே வருவது, இந்த மூன்றையும் வாடகையோடு சேர்த்துப் பார்த்தால் மலிவாகத் தெரிந்தது விலை கூடியதாகிவிடும்.

முதலில் வாடகைக் கணக்கு. கீழே வருகிற தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, சந்தை விலை இல்லை. காம்ப்ளக்ஸில் 300 சதுர அடி, அடிக்கு 80 ரூபாய், மாதம் 24,000 என்கிறார்கள். அந்த 300 அடியில் நடைபாதை, மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். டேப் பிடித்து உள்ளே அளந்தால் 210 அடி வரலாம். அதன்மேல் மெயின்டனன்ஸ் அடிக்கு 10 ரூபாய், அதாவது 3,000. மொத்தம் 27,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 31,860. நீங்கள் நிஜமாகப் புழங்குகிற 210 அடிக்கு வகுத்தால் அடிக்கு ஏறக்குறைய 152 ரூபாய்.

தெருக்கடை 120 அடி, மாத வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு 167 ரூபாய். தரகர் சொன்னபோது 80-க்கும் 167-க்கும் இருந்த தூரம், அளந்து பார்த்தபின் 152-க்கும் 167-க்கும் என்று சுருங்கிவிட்டது. ஜிஎஸ்டி விஷயத்தில் உங்கள் பதிவு எந்த வகை என்பதும் முக்கியம். முழுப் பதிவு உள்ளவர் கொடுத்த 18 சதவீதத்தை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும், விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருப்பதால் பதிவே இல்லாதவருக்கும் அந்தப் பணம் போனது போனதுதான். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத கட்டட உரிமையாளரிடம் பதிவுள்ள வியாபாரி கடை எடுத்தால் வாடகைக்கான ஜிஎஸ்டியை வியாபாரியே நேரடியாகக் கட்ட வேண்டும் என்று விதி மாறியது. 2025 ஜனவரி 16 முதல் காம்போசிஷன் வியாபாரிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்திருக்கிறது. சின்ன முதலில் இறங்குபவருக்கு, பதிவில்லாத உரிமையாளரின் தெருக்கடைப் பக்கம் சாய இந்த விலக்கு வலுவான காரணம்.

அப்புறம் மாதங்கள். கன்னியாகுமரிக்கு நல்ல காலம் கார்த்திகை முதல் தேதியில் தொடங்கி மகரவிளக்கு வரை, ஐயப்ப பக்தர்கள் வந்துபோகும் சீசன். அடுத்தது ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. நடுவில் பூஜை விடுமுறைக்கு வடக்கிலிருந்து வருகிறவர்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதம். ஜூன், ஜூலையில் காற்றும் மழையும் சேர்ந்து தெருவே வெறிச்சோடும் நாட்கள் உண்டு. வாடகையோ பன்னிரண்டு மாதத்துக்கும் கட்ட வேண்டும். மேலே சொன்ன காம்ப்ளக்ஸ் கடைக்கு வருடத்துக்கு 3,82,320 ரூபாய். ஐந்து மாதத்தில் எடுப்பதென்றால் மாதம் 76,000-க்கு மேல். சிப்பி, சங்கு, மணிமாலை வியாபாரத்தில் 30 சதவீதம் லாபம் நிற்கிறது என்று வைத்தாலும், அந்த ஐந்து மாதமும் மாதம் இரண்டரை லட்சத்துக்கு விற்றால்தான் வாடகை மட்டும் தேறும். ஆள் சம்பளமும் கரண்ட் பில்லும் தனி. தெருக்கடைக்கு வருட வாடகை 2,40,000. அதே கணக்கில் மாதம் 1,60,000 விற்றால் போதும்.

இனி நேரம். பலர் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான். கன்னியாகுமரியில் கூட்டம் விடிவதற்கு முன்பே கடற்கரைக்கு வந்துவிடுகிறது. சூரிய உதயம் பார்த்ததும் டீ, அப்புறம் கோயில், எட்டு மணிக்குப் படகு வரிசை. 1970-இல் திறந்த விவேகானந்தர் மண்டபமும், 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி திருவள்ளுவர் சிலையும்தான் இந்த ஊரின் நாளை ஓட்டுகின்றன. 2024 டிசம்பர் 30-இல் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தபின் பாறைக்குப் போகிறவர் இரண்டையும் நடந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறார். கரையேறும்போது பசி, தாகம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற அவசரம். அந்த அவசரத்தில் கையில் எட்டுகிற கடையில்தான் வாங்குவார். படகுத்துறையிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை அவர் நடக்கிற பாதையில் உங்கள் கடை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பாதையை விட்டு ஐம்பதடி உள்ளே தள்ளி, முதல் மாடியில் இருக்கிற கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தக் கூட்டத்துக்கு இல்லாத கடைதான்.

காம்ப்ளக்ஸ் மெயின் கேட் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றால் உதயம் பார்க்க வந்த கூட்டம் முழுக்கத் தெருக்கடைக்காரர் பங்கு. காலையில் எத்தனை மணிக்குத் திறக்கலாம், அஸ்தமனக் கூட்டத்துக்காக இரவு எத்தனை மணி வரை வைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காம்ப்ளக்ஸ் ஜெயிக்கிற இடமும் உண்டு. சுற்றுலா பஸ் நிறுத்த இடமும், சுத்தமான கழிப்பறையும் உள்ள காம்ப்ளக்ஸ் என்றால் கணக்கே வேறு. இரவு முழுக்கப் பயணம் செய்து வருகிற குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். அதற்குப் போகிற வழியில் இருக்கிற ஷட்டர் கிடைத்தால் யோசிக்காமல் பேசுங்கள். மாடியில் ஹோட்டல் ஓடுகிறது, கீழே சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்றாலும் நல்லது. ஆனால் "ஹோட்டல் வரப்போகிறது அண்ணாச்சி, அடுத்த சீசனுக்குத் திறந்துவிடும்" என்று சொன்னால், திறக்கும் வரை பாதி வாடகை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த ஹோட்டலை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காம்ப்ளக்ஸ் ஒப்பந்தத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது லாக்-இன், அதாவது இடையில் விட்டுப் போக முடியாத காலம். மூன்று வருடம் லாக்-இன் என்று கையெழுத்துப் போட்டவர் பதினான்காம் மாதம் கடையைக் காலி செய்தால், மிச்ச 22 மாத வாடகையையும் உரிமையாளர் கேட்க முடியும். அட்வான்ஸும் அதில் கழிந்துவிடும். உரிமையாளருக்கு மட்டும் இடையில் முடித்துக்கொள்ளும் உரிமை இருந்து, உங்களுக்கு இல்லாமலும் எழுதியிருப்பார்கள். லாக்-இன்னை ஒரு சீசனும் ஒரு கோடை விடுமுறையும் அடங்குகிற ஒரு வருடத்துக்குக் குறைக்கப் பாருங்கள். அதற்காக வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மெயின்டனன்ஸ் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்று உச்சவரம்பு வேண்டும். ஜெனரேட்டர் யூனிட்டுக்கு என்ன விலை, அதே சிப்பிச் சாமானை விற்க எத்தனை கடைக்கு இடம் கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். வரிசையில் எட்டுக் கடையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தைத் தொங்கவிட்டால் விலையடிப்பில் எல்லோருமே நஷ்டப்படுவார்கள்.

கடலோரக் கட்டடத்தில் இன்னொன்று. ஷட்டர் ஓடுகிற சேனலுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த ஷட்டர் அடுத்த மழைக்குள் பாதியில் சிக்கி நிற்கும். ஏசி வெளி யூனிட்டின் பின்பக்கத் தகடுகளையும் பாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது அவற்றைத்தான். பழுது யார் செலவு என்று ஒரு வரி இருக்கட்டும். கட்டடத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும், நீங்கள் எடுக்கிற மாடிக்குத் திட்ட அனுமதியும் இருக்கிறதா என்று நகல் கேட்டு வாங்குங்கள். அனுமதியில்லாத மாடிக்கு சீல் வைத்தால் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் சரக்கு.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டியதுதான் என்ற போக்கில் எழுதப்பட்ட சட்டம் இது. எல்லை தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தில் 1965-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைதாரருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. உரிமையாளர் தன் தேவைக்கு என்று கேட்டாலும், கடைக்காரர் பிழைப்புக்கு முக்கியமாக அந்தக் கடையையே நம்பியிருந்து, அதே பகுதியில் பொருத்தமான வேறு கட்டடமும் கிடைக்காவிட்டால் அவரை வெளியேற்ற முடியாது. அதனாலேயே உரிமையாளர்கள் வாடகைச் சீட்டு எழுதத் தயங்கி, பதினோரு மாத லைசென்ஸ் என்று எழுதப் பார்ப்பார்கள். மலையாளத்தில் நீட்டுகிற தாளைப் படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் வாடகைதாரரா, வெறும் அனுமதி பெற்றவரா என்பது அதில்தான் இருக்கிறது.

கோவளத்தின் குணமே தனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வெளிநாட்டுக்காரர் சீசன். ஜூன் மழை தொடங்கினால் கடற்கரை ஓரத்துக் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடக்கும். கடல் ஏறிவருகிற நாட்களில் தரைக்குத் தண்ணீரும் வரும். ஆனால் கன்னியாகுமரிக்காரர் போல மூன்று மணி நேரத்தில் பஸ் ஏறுகிறவர் இல்லை அங்கே வருபவர். ஒரு வாரம் தங்குவார், தினமும் அதே கடை வாசலைக் கடப்பார், மூன்றாம் நாள் உள்ளே வந்து உட்கார்ந்து பேசி வாங்குவார். இருபது ரூபாய்ச் சாவிக்கொத்து அங்கே வேலைக்காகாது. கைத்தறி, நல்ல பருத்தி உடை, தைத்துக் கொடுக்கும் தையல், பனையோலை வேலைப்பாடு மாதிரி விலை கூடின, பேசி விற்கிற சரக்குக்குத்தான் அந்த இடம். ஆங்கிலமும் மலையாளமும் தெரிந்த ஒரு ஆள் கடையில் இருந்தே ஆக வேண்டும். காஷ்மீர்க்காரர்கள் அங்கே நிலைத்து நின்றது இந்தப் பொறுமையால்தான்.

நாகர்கோவிலில் ஏற்கனவே காம்போசிஷனில் கடை வைத்திருப்பவர் கோவளத்துக்குப் போகுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிருந்து அங்குள்ள சொந்தக் கடைக்குச் சரக்கு அனுப்புவதும் ஜிஎஸ்டியில் மாநிலம் விட்டு மாநிலம் விற்பது போலத்தான். காம்போசிஷனில் இருப்பவருக்கு அதற்கு இடமில்லை. முழுப் பதிவுக்கு மாறி, கேரளத்தில் தனிப் பதிவும் எடுக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வண்டியில் போனால் இ-வே பில், அதாவது சரக்கோடு போகிற ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு வேண்டும். இந்தக் கணக்குப்பிள்ளைச் செலவையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐயப்ப சீசனுக்கு மட்டும் உள்ளாட்சி ஏலம் விடுகிற தற்காலிகக் கடையை நான் தனி வழியாகச் சேர்க்கவில்லை. ஆனால் புதிதாக இறங்குபவர் முதலில் அதில் இரண்டு மாதம் நின்று பார்க்கலாம். எந்தச் சரக்கு போகிறது, எந்த மணிக்குக் கூட்டம் வருகிறது என்று சொந்தக் கண்ணால் தெரியும்.

எனக்குக் கேட்டால், சிப்பிச் சாமான், நேந்திரங்காய் சிப்ஸ், கருப்பட்டி விற்கிற குடும்பத்துக்குப் படகுத்துறைப் பாதையில் உள்ள சின்னத் தெருக்கடைதான். முத்து நகை, பிராண்ட் துணி, ஐஸ்கிரீம் கடை என்றால் பஸ் நிறுத்தம் உள்ள காம்ப்ளக்ஸின் தரைத்தளம். மாடி யாருக்கும் வேண்டாம். கோவளம், வருடத்தில் நான்கு மாத வருமானத்தில் மிச்ச எட்டு மாதத்தைச் சமாளிக்க முடிகிறவருக்கு. எந்த இடமானாலும் பேச்சுவார்த்தையை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் மூடிக்கிடக்கிற மாதத்தில் உரிமையாளர் அட்வான்ஸையும் குறைப்பார், வாடகை தொடங்கும் தேதியையும் தள்ளிப்போடுவார். ஐப்பசி பிறந்த பிறகு போனால் அவர் சொன்ன விலைதான்.