போன் நல்லது, அந்தத் திகதிதான் கோபம் வருது

பாவிச்ச போன் கடைகளில் நான் வைத்திருக்கிற இந்த மொடல் விலை நல்லா இறங்கிட்டுதாம், எடுக்கலாமா என்று கல்முனையிலிருந்து மச்சான் கேட்டான். போன கிழமைதான் மட்டக்களப்பு டவுணில் பற்றரி மாற்றினேன், அந்தக் கையோடு எழுதுகிறேன்.

போனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்லடிப் பாலத்தில் மத்தியான வெயிலிலும் திரை வடிவாகத் தெரியும், இவ்வளவு உப்புக்காற்றிலும் சார்ஜ் குத்துற இடத்தில் கறள் பிடிக்கவில்லை, கமரா இன்றைக்கும் தெளிவு.

எனக்குக் கோபம் ஏறுவது ஒரே ஒரு வரியைப் பார்த்துத்தான். செட்டிங்ஸில் ஆண்ட்ரொயிட் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு திகதி இருக்கும். என்னுடையதில் 2024 யூன் 5. அதோடு நின்றுபோச்சு.

அதே வருஷம் ஒக்டோபரில் போன் சிப் செய்கிற குவால்கம் தன் சிப்களின் டிஎஸ்பி பகுதியில் (ஒலி, படம் போன்றவற்றைக் கையாளுகிற பகுதி) ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது, ஓட்டைகளுக்குப் போடுகிற பொது இலக்கத்தில் சிவிஇ-2024-43047. விடுவித்துவிட்ட நினைவக இடத்தைப் பழைய முகவரி வழியாகத் திரும்பவும் தொடுகிற பிழை. இடையில் யாராவது அந்த இடத்தில் தன் தரவைப் புகுத்திவிட்டால் போனின் முழுக் கட்டுப்பாட்டையும் வைத்திருக்கிற கெர்னல் வரைக்கும் போக வழி கிடைக்கும். குறிவைத்துச் சிலர்மேல் இதைப் பாவிப்பதற்கான அறிகுறி இருக்கிறது என்று அப்போதே சொன்னார்கள். பாதிக்கப்பட்ட 64 சிப்களில் என் போனில் உள்ளதும் ஒன்று. திருத்தத்தையும் செய்து, சீக்கிரம் அனுப்புங்கள் என்று போன் கொம்பனிகளிடம் கொடுத்தாச்சு. என் போனைச் செய்த கொம்பனி அனுப்பவேயில்லை. சிப் செய்தவன் திருத்தித் தந்ததைக் கொண்டுவந்து சேர்க்கக்கூட மனமில்லாமல் புது மொடலுக்கு விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ட லிங்கைத் தட்டாமல் இருந்தால் சரிதானே அண்ணன் என்றார் கடைத் தம்பி. எல்லா ஓட்டைக்கும் அது சரிவராது. 2023 இல் சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் (போனை நெட்வேர்க்கோடு இணைக்கிற சிப்) ஓட்டை தேடுகிற கூகிளின் புராஜெக்ட் சீரோ குழு 18 ஓட்டைகளை வெளியிட்டதே, அதில் நான்கைப் பாவிக்கத் தாக்குகிறவனுக்கு உங்கள் போன் நம்பர் தெரிந்தாலே போதும், நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. திருத்தம் வரும்வரை வைஃபை கோலிங்கையும் வோல்ட்டியையும் (4ஜி வழியாகப் பேசுகிற வசதி) நிறுத்தி வையுங்கள் என்றார்கள்.

நியாயமாகச் சொன்னால் இப்படியான தாக்குதல் எல்லாரையும் தேடி வராது. ஆனால் காணிப் பிரச்சினையையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் பற்றி எழுதுகிற ஆட்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் இப்படிப் பழைய போன்தானே இருக்கிறது?

எடுக்காதே மச்சான். வேறு எதை எடுத்தாலும் காசு கொடுக்க முதல் அந்தத் திகதியைப் பார். கிட்டிய மாதமாக இருக்க வேணும். 5 ஆந் திகதி என்றிருந்தால் அந்த மாதச் சிப் திருத்தங்களும் உள்ளே இருக்கும், 1 என்றிருந்தால் அதை நம்பேலாது.

நான் இதை விற்கப்போவதில்லை, இவ்வளவு நல்ல போனைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வங்கி ஆப்பை மட்டும் மனைவியின் போனுக்கு மாற்றிவிட்டேன்.