மனநல சிகிச்சையில் இருப்பவர் எந்தத் தியானத்தில் சேரலாம்: 8 வார வகுப்பு, 10 நாள் மௌன முகாம், கைபேசிச் செயலி

தியானம் மனநோய்க்கு நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. என்ன நோய், அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள், பக்கத்தில் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் பேச முடியும். 10 நிமிடம் மூச்சைக் கவனித்து நிம்மதி அடைகிற ஒருவரே, 10 மணி நேரம் அதையே செய்தால் மருத்துவமனை வரை போக நேரலாம். எனவே ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற, மனநல மருத்துவரைப் பார்க்கிற ஒருவருக்கு எது பொருந்தும் என்ற ஒரே கேள்வியோடு மூன்று சேவைகளையும் எடைபோடுகிறோம்.

8 வார வகுப்பு (5க்கு 4)

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, ஜான் கபட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்பு வகுப்பு. இரண்டாவது, அதோடு அறிவாற்றல் சிகிச்சையை (எண்ணங்களைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) சேர்த்து சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் உருவாக்கியது. மனச்சோர்வு அடிக்கடி வந்து, இப்போது தேறியிருப்பவருக்கு அது திரும்ப வராமல் தடுப்பதுதான் இந்த இரண்டாவது வகுப்பின் வேலை. வாரம் ஒரு நாள் 2 மணி நேரம் வகுப்பு, சுமார் 12 பேர், வீட்டில் வாரத்துக்கு 6 நாள் ஏறக்குறைய 45 நிமிடப் பயிற்சி.

முதல் வாரத்தில் கையில் ஒரே ஒரு உலர்திராட்சையைத் தருவார்கள். அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெல்ல மெல்லக் கடித்து, விழுங்க சில நிமிடங்கள் ஆகும். மனம் எவ்வளவு நேரம் தன்பாட்டில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே பிடிபட்டுவிடும். அடுத்து, படுத்துக்கொண்டு உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி. மூன்றாவது வாரத்தில் வருகிற 3 நிமிடப் பயிற்சிதான் இந்த வகுப்பின் உயிர்நாடி. முதல் நிமிடம், இப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது நிமிடம் மூச்சு மட்டும். மூன்றாவது நிமிடம் கவனத்தை உடல் முழுவதற்கும் விரிக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை.

இது ஏன் உதவுகிறது? மனச்சோர்வு பலமுறை வந்தவருக்குச் சின்னதாக ஒரு சோகம் தட்டினாலே போதும், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற பழைய எண்ணம் கூடவே எழுந்து வந்துவிடும். அதோடு வாதாடுவதும் அதை அசைபோடுவதும்தான் அவரைப் பள்ளத்துக்குள் இழுக்கின்றன. ‘அந்த எண்ணம் வந்திருக்கிறது’ என்று அடையாளம் கண்டு விலகிநிற்கும் பழக்கம்தான் இங்கே கிடைக்கிறது. கடைசி வாரங்களில் நோய் திரும்புவதற்கான தன்னுடைய முதல் அறிகுறிகளை (விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, போனை எடுக்காமலே விடுவது போன்றவை) ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே செய்ய வேண்டியதையும் எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தாள் வீட்டில் இன்னொருவர் கையிலும் இருப்பது நல்லது.

பலன் நன்றாகவே அளக்கப்பட்டிருக்கிறது. 9 ஆய்வுகளில் இருந்த 1,258 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியான ஆய்வில், 60 வாரத்துக்குள் நோய் திரும்பும் அபாயம் இரண்டாவது வகை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு, சேராதவர்களை விட 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் 2000-இல் வந்த முதல் ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வு வந்தவர்களுக்குத்தான் பயன் தெரிந்தது. இரண்டு தடவை வந்தவர்களிடம் தெரியவில்லை. மாத்திரைக்கு மாற்றாகுமா என்று 424 பேரிடம் பார்த்த 2015 ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் வகுப்பில் இருந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. மாத்திரையை விட மேல் என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வில் வகுப்பில் இருந்தவர்கள் மாத்திரையைக் குறைத்ததுகூட மருத்துவ மேற்பார்வையில், படிப்படியாகத்தான். வகுப்பில் சேர்ந்த கையோடு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இதை முக்கியமாக மனதில் வைக்க வேண்டும். மனப்பதற்ற நோய்களுக்கு முதல் வகை வகுப்பை, பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையோடு 276 பேரிடம் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில், 8 வார முடிவில் வகுப்பு மாத்திரைக்குப் பின்தங்கவில்லை.

அப்படியானால் ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தோம்? 2021-இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லோபி பிரிட்டனும் குழுவினரும் இத்தகைய 8 வார வகுப்புகளை முடித்த 96 பேரிடம் பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டுக் கேட்டார்கள். 58 சதவீதம் பேர் தொல்லை தந்த ஏதோ ஒன்றையாவது சொன்னார்கள். 6 முதல் 14 சதவீதம் பேருக்கு அது நீடித்தது. பல பயிற்றுநர்கள் ‘எப்படி இருந்தது?’ என்று மட்டும் கேட்கிறார்கள். ‘நல்லா இருந்தது’ என்ற பதிலைத் தாண்டி எதுவும் வெளியே வராது. தூக்கம் குறைந்ததா, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போல் தோன்றியதா, பழைய கொடுமை நினைவுகள் கிளம்பினவா என்று தனித்தனியாகக் கேட்கத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநர். பணம் கட்டும் முன், இதையெல்லாம் கேட்பீர்களா என்று அவரிடமே கேளுங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்கும்போதோ, காதில் குரல் கேட்கும்போதோ, மேனியா (அளவுகடந்த உற்சாகமும் வேகமும்) கட்டத்திலோ, எழுந்து குளிக்கவே முடியாத அளவு சோர்விலோ இதில் சேர வேண்டாம். முதலில் சிகிச்சை, தேறிய பிறகு வகுப்பு.

10 நாள் மௌன முகாம் (5க்கு 1)

இந்த மதிப்பெண் நோயுள்ளவருக்கு மட்டும். நலமாக இருப்பவருக்கான கணக்கு வேறு. பரவலாக நடக்கும் முகாம்களில் விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9 மணி வரை நிரல், நாளுக்குப் பத்து மணி நேரம் தியானம். பேச்சு, போன், புத்தகம் எதுவும் இல்லை. மதியத்துக்குப் பிறகு முழுச் சாப்பாடும் பெரும்பாலும் இருக்காது.

சிக்கல் முதலில் தூக்கத்தில் தொடங்கும். பைபோலார் (மேனியாவும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) உள்ளவருக்குத் தூக்கக் குறைவே மேனியாவைத் தூண்டிவிடும். இரவில் தூக்கம் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர் 4 மணிக்கு எழுந்தால் பாதி மயக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அடுத்தது மருந்தும் சாப்பாடும். இதை யாரும் யோசிப்பதே இல்லை. மனநோய்க்குத் தரும் லுராசிடோன் மாத்திரையைக் குறைந்தது 350 கலோரி உணவோடு சாப்பிட வேண்டும், சிப்ராசிடோனுக்கு 500 கலோரி; வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறைய பாதி மருந்துதான் உடலில் சேரும். பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரையும் உப்பையும் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மௌனம் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. எல்லோரும் கண்ணை மூடிப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அமைதியில் இருப்பவரும் காதில் கேட்கும் குரலோடு போராடுகிறவரும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் மனநோய் பற்றிக் கேட்கிறார்கள். இடம் கிடைக்காதே என்று பலர் மறைக்கிறார்கள். மறைத்தால், ஐந்தாம் நாள் வருகிற பயங்கரத்தை ‘உள்ளே இருப்பது வெளியே வருகிறது, தொடர்ந்து உட்காருங்கள்’ என்று நல்லெண்ணத்தோடே சொல்லிவிடுவார்கள். பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) உள்ளவர்களும், சைக்கோசிஸ் (குரல் கேட்பது போல நிஜம் பிடிபடாமல் போகும் நிலை) ஒருமுறை வந்தவர்களும், இப்போது நன்றாக இருந்தாலும் இதைத் தவிர்க்க வேண்டும்.

கைபேசிச் செயலி (5க்கு 3)

நேரத்தை நாமே வைக்கலாம், நினைத்தபோது நிறுத்தலாம். கண்காணிக்க ஆள் இல்லை. கண் திறந்தபடி 5 நிமிடத்தில் தொடங்கி, இரண்டு வாரம் தூக்கமும் மனநிலையும் சீராக இருந்தால் 10 ஆக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். சைக்கோசிஸ் உள்ளவர்களுக்காக உளவியலாளர் பால் சாட்விக் மாற்றியமைத்த முறையிலும் பயிற்சி 10 நிமிடத்துக்குள்தான், நீண்ட மௌனம் இல்லாமல் குரல் வழிகாட்டிக்கொண்டே இருக்கும்.

எந்தப் பதிவை அமுக்குகிறோம் என்பதும் நோயைப் பொறுத்தது. பேனிக் (திடீர்ப் பீதி) வருகிறவர் மூச்சையே கவனித்தால் மூச்சு போதவில்லை என்று தோன்றும், இழுத்து இழுத்து விடுவார், விரல் மரத்துத் தலை சுற்றும், அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். அவர் மூச்சை விட்டுவிட்டு உள்ளங்காலையோ வெளிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம். வன்கொடுமைக்கு ஆளானவர் முதுகைச் சுவரில் சாய்த்து, கதவு கண்ணில் படும்படி உட்காரட்டும். உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பதிவுகள் வேண்டாம். ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதற்கான சடங்கும் திரும்பத் திரும்ப வரும் நோய்) உள்ளவர், ‘எண்ணம் வந்துவிட்டது, முதலிலிருந்து ஆரம்பி’ என்று தியானத்தையே சடங்காக்கிவிடக்கூடும். அவர் இத்தனை நாள் தொடர்ந்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். உலகம் நிஜமில்லை என்ற உணர்வு ஏற்கெனவே இருப்பவருக்கு வெறுமனே உட்கார்ந்து பார்ப்பது அதையே வளர்க்கும். நடப்பது, பாத்திரம் தேய்ப்பது போன்ற கைகால் வேலைதான் நல்லது.

மூன்றில் எதில் இருந்தாலும், தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாவிட்டால், நிஜமில்லாத உணர்வு மணிக்கணக்கில் நீடித்தால், குரல் கேட்டால், சாகத் தோன்றினால் தியானத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து எழுந்து நில்லுங்கள், முகத்தில் குளிர்ந்த நீர் அடியுங்கள், வயிறார ஏதாவது சாப்பிடுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொண்டு டாக்டரை அழையுங்கள். குரல் கேட்டாலோ சாகத் தோன்றினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே எத்தனை நாளாக, நாளுக்கு எவ்வளவு நேரம் தியானம் செய்தீர்கள் என்பதையும், கடைசியாக எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.