புரோட்டீன் டேட்டா பேங்க்: ஓசியில இவ்ளோ பெரிய பொக்கிஷமா!

எம்.எஸ்சி ஜூவாலஜி, பயோகெமிஸ்ட்ரி பசங்களுக்காக இந்த ரிவ்யூ. 1971ல வெறும் 7 ஸ்ட்ரக்சரோட ஆரம்பிச்ச பிடிபில (புரோட்டீன் டேட்டா பேங்க், புரோட்டீன்களோட 3டி வடிவத்த, அதான் ஸ்ட்ரக்சர, சேத்து வெக்கற வெப்சைட்) இப்ப 2 லட்சத்துக்கு மேல கிடக்கு, காசு கேக்காது, லாகின் கேக்காது, ஓடிபி கேக்காது, அதுக்கே ஒரு ஸ்டார்.

நான் ரொம்ப தோண்டுனது எகினோகாக்கஸ் கிரானுலோசஸ் நாடாப்புழுவோட ஃபேட்டி ஆசிட் பைண்டிங் புரோட்டீன். நாய் குடல்ல வளர்ந்து, ஆடு மனுஷன் ஈரல்ல ஹைடாடிட் கட்டி போடுமே, அந்தப் புழுதான். அதுக்கு வாயும் இல்ல குடலும் இல்ல, கொழுப்பு அமிலத்த சொந்தமா தயாரிக்கவும் வக்கில்ல, எல்லாத்தையும் நம்மகிட்டருந்து தோல் வழியா உறிஞ்சணும், உறிஞ்சுனது தண்ணில லேசுல கரையாதுங்கறதால அத உள்ள சுமந்துட்டு திரியற கூலியாள்தான் இந்த புரோட்டீன்.

சர்ச்ல 1ஓ8வி அடிங்க, நடுவுல எழுத்து ஓ, ஜீரோ இல்ல. 2003ல வந்த ஸ்ட்ரக்சர், ரெசல்யூஷன் 1.6 ஆங்ஸ்ட்ராம் (இந்த நம்பர் குறைய குறைய படம் தெளிவு), செம துல்லியம். 3டில தொறந்தா பத்து பீட்டா இழை (புரோட்டீன் சங்கிலியோட நீட்டுன பட்டைகள்) சேர்ந்த பீப்பா, வாய்ப்பக்கம் மூடி மாதிரி ரெண்டு குட்டி ஹெலிக்ஸ் (சுருள்), உள்ள பால்மிடிக் ஆசிட்ங்கற கொழுப்பு அமிலம் யூ ஷேப்ல வளைஞ்சு படுத்திருக்கும். அத க்ளிக் பண்ணுங்க, தலைப்பக்கத்த புரோட்டீனோட ரெண்டு ஆர்ஜினினும் ஒரு டைரோசினும் (ரெண்டுமே அமினோ ஆசிட்) புடிச்சிருக்கறது புள்ளிக்கோடோட தெரியும், வாலு பாட்டுக்கு பெருசா எதையும் தொடாம கிடக்கு. டெக்ஸ்ட்புக் படத்துல இதெல்லாம் எங்க தெரியுது!

ஒண்ணு மட்டும் உஷார். சங்கிலிய வெறும் ரிப்பனா காட்டற கார்ட்டூன் வியூவ அப்படியே நம்பிடாதீங்க, இழைகளுக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா தெரியும், நிஜத்துல அங்கெல்லாம் சைட் செயின் (அமினோ ஆசிட்லருந்து நீட்டிட்டுருக்கற பகுதி) அடைச்சிட்டுருக்கும், சர்ஃபேஸ் வியூவுக்கு மாத்துங்க. அப்புறம் உள்ள இருக்கறது பால்மிடிக் ஆசிட்ங்கறதே எலக்ட்ரான் டென்சிட்டிய (எக்ஸ்ரே டேட்டாலருந்து வர்ற எலக்ட்ரான் மேப்) பாத்து இந்த ஸ்ட்ரக்சர கண்டுபிடிச்சவங்க எடுத்துக்கிட்ட முடிவுதான், அவங்க ஆராய்ச்சி பேப்பர்லயே அப்படித்தான் சொல்லிருக்காங்க. ஆனா சைட்டுல பேரு நச்சுனு போட்டுருக்கும், புதுசா பாக்கறவனுக்கு அந்த வித்தியாசம் புரியாது. அரை ஸ்டார் கட்.

ரெண்டு ஸ்ட்ரக்சர ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒப்பிடற அலைன்மென்ட் டூலும் மிஸ் பண்ணாதீங்க. நம்ம நரம்புல இருக்கற பி2 மயலின் புரோட்டீன இது மேல ஏத்தி பாருங்க, அண்ணன் தம்பி மாதிரி பொருந்தும், நம்மளுத விட்டுட்டு புழுவோடத மட்டும் அடைக்கற மருந்து பண்றது எவ்ளோ பேஜார்னு அங்கயே புரிஞ்சிடும்.

4.5/5. லேப்டாப்ல மவுஸோட பாருங்க, போன்ல சுத்தி சுத்தி விரல் வலிக்கும்.