அல்-அனான்: குடிப்பவரின் வீட்டார் போகலாமா?

வீட்டில் ஒருவர் குடித்தால் மருத்துவர், மாத்திரை, மறுவாழ்வு மையம் எல்லாம் அவருக்குத்தான். கூடவே கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு என்று இருப்பவை கொஞ்சம். அவற்றில் ஒன்று அல்-அனான் குடும்பக் குழு. என் தம்பியின் குடியால் நான் அங்கே போக ஆரம்பித்தேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

குடியைக் கைவிட நினைப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-ல் தொடங்கியது. கணவர்கள் கூட்டத்துக்குள் இருந்த நேரத்தில் மனைவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதுதான் அல்-அனானுக்கு விதை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் நிறுவனர்களில் ஒருவரான பில்லின் மனைவி லோயிஸும் அவருடைய தோழி ஆனும் 1951-ல் அல்-அனானை ஓர் அமைப்பாக்கினார்கள்.

கட்டணம் கிடையாது. முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், விருப்பப்பட்டால் போடலாம். ஒருவர் ஏதாவது ஒரு பக்கம் வாசிப்பார், அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேசப் பிடிக்கவில்லையா, "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, "நீ இப்படிச் செய்" என்று சொல்வதும் இல்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அறிவுரை வாங்கி அலுத்துப்போன எனக்கு இதுவே பெரிய சுகமாக இருந்தது.

அங்கே அடிக்கடி காதில் விழுவது மூன்று விஷயங்கள்: இந்தக் குடி உன்னால் வந்ததில்லை, உன்னால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணமாக்கவும் முடியாது. முதல் முறை கேட்டபோது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு என்ன செய்ய, கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா? ஆனால் அங்கே வருபவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க, நான் தினமும் செய்துகொண்டிருந்த வேலைகள் கண்ணில் பட ஆரம்பித்தன. பையைத் துழாவுவது, பாட்டிலைக் கொட்டுவது, அவன் அலுவலகத்துக்கு போன் போட்டு "தம்பிக்குக் காய்ச்சல்" என்பது. முதலில் அந்த போனை நிறுத்தினேன். சொல்ல வேண்டிய பொய்யை அவனே சொல்லட்டும். அன்பு அப்படியே இருக்க, அவன் சுமையை மட்டும் அவனிடமே விடுவது என்று இதற்கு அங்கே விளக்கம். அம்மாவுக்கு இது இன்றுவரை பிடிக்கவில்லை.

இனி குறைகள். உங்கள் வீட்டில் குடிப்பவரைச் சிகிச்சைக்கு இழுத்துவர இதைவிட நல்ல வழி இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு மூன்று முறைகளை ஒப்பிட்டது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுக்கும் கிராஃப்ட் முறையில் 64 சதவீதம் பேரின் வீட்டுக் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். அல்-அனான் வழியில் ஆலோசனை பெற்றவர்களிடம் அது 13 சதவீதம்தான். ஆனால் குடும்பத்தாரின் மனநிலை மூன்று முறைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. குடிப்பவரைத் திருத்தித் தருகிறோம் என்று அல்-அனான் எங்கும் சொல்வதில்லை. அந்த ஆசையோடு போகிறவர்தான் ஏமாறுவார். கிராஃப்ட் தெரிந்த ஆலோசகர் பக்கத்தில் கிடைத்தால் அவரிடமும் போங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

அடுத்து, அல்-அனான் பின்பற்றும் பன்னிரண்டு படிகள் என்ற வழிமுறையில் கடவுள் வருவார். அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள்தான். இருந்தாலும் நாத்திகர்களுக்கு நெளியும். நடத்துபவர்களும் நம்மைப் போன்ற வீட்டார்தான், மனநல நிபுணர்கள் இல்லை. அதனால் ஒரு குழு பிரமாதமாக இருக்கும், இன்னொன்று ஒருவரே புலம்பித் தீர்க்கும் இடமாக இருக்கும். வீட்டில் அடி உதை என்றால் இதை நம்பி உட்கார வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடம், காவல்துறை, வழக்கறிஞர். கூட்டம் அப்புறம்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 1957-ல் தொடங்கிய அலட்டீன் என்ற தனிப்பிரிவு இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளைக்கு அது நல்லது.

ஆறு கூட்டங்களாவது வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள், என் கணக்கும் அதுதான். நேரில் போகத் தயக்கம் என்றால் இணையவழிக் கூட்டங்கள் உண்டு, கேமராவை அணைத்து வைத்துக்கொள்ளலாம். நேரில் போனால் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். நல்ல மருத்துவர் யார், கடன்காரர் வந்தால் என்ன பதில் சொல்வது என்ற பேச்சையெல்லாம் நாற்காலிகளை அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் கேட்டிருக்கிறேன்.