பெரிய வீட்டுக்கு எந்த மெஷ்? டெக்கோ, ஈரோ, ஆர்பி, ஜென்வைஃபை, நெஸ்ட்

வீட்டின் பல இடங்களில் கருவிகளை வைத்து ஒரே வைஃபையாகப் பரப்புவதுதான் மெஷ். மெஷ் வைஃபை பெட்டியின் மேல் 5400 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த வேகம் வீட்டில் எந்தக் கருவிக்கும் கிடைக்காது. ஒவ்வொரு அலைவரிசையின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண் அது. டிபி-லிங்க் டெக்கோ எக்ஸ்இ75 மாடலில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 574, 5-க்கு 2402, 6-க்கு 2402 மெகாபிட். மூன்றையும் கூட்டினால்தான் 5400-க்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் போன் ஒரு நேரத்தில் பிடிப்பது இதில் ஒன்றைத்தான், அதிலும் ஒரு பகுதியை.

அதனால் நான் முதலில் பார்ப்பது பேக்ஹாலை. ஒரு நோடும் (வீட்டில் ஆங்காங்கே வைக்கும் மெஷ் கருவி) மெயின் ரவுட்டரும் தங்களுக்குள் டேட்டாவைக் கடத்தும் வழி அது. மாடியில் இருக்கும் லேப்டாப்புக்கு வரும் அத்தனையும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2.4, 5 என்று இரண்டே அலைவரிசை உள்ள டூயல்-பேண்ட் மெஷ்ஷில் நோடு 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி, அதே 5 கிகாஹெர்ட்ஸில் லேப்டாப்புக்குக் கொடுக்கிறது. ஒரே ரேடியோ ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியாது என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த நோடுக்கு அப்பால் இன்னொன்று வைத்தால் மறுபடியும் குறையும். நோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பெரிய வீட்டில் காசு வீணாவது இங்கேதான்.

பிராண்டுகளுக்குப் போகும் முன் ஒன்று: நோடுகளுக்கு இடையே ஈதர்நெட் கேபிள் இழுக்க வாய்ப்பிருந்தால் இழுத்துவிடுங்கள். எல்லா நோடுக்கும் முடியாவிட்டாலும் பரவாயில்லை, தூரத்தில் இருக்கும் ஒன்றுக்காவது இழுங்கள். கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட்டைத் தாங்கும். சுவருக்குள் பழைய டிவி கோஆக்சியல் வயர் கிடந்தால் அதுவும் உதவும்; மோகா 2.5 அடாப்டர்கள் அந்த வயரில் 2.5 ஜிகாபிட் வரை கடத்தும். கேபிள் வந்துவிட்டால் டெக்கோ எக்ஸ்55 போன்ற சாதாரண டூயல்-பேண்ட் வைஃபை 6 செட் போதும் (6, 7 என்பது வைஃபையின் தலைமுறை எண்). கேபிள் இல்லாத விலையுயர்ந்த வைஃபை 7 செட்டையும் கேபிள் போட்ட எக்ஸ்55-ஐயும் பக்கத்தில் வைத்து என்னைக் கேட்டால், தடித்த சுவர் உள்ள வீட்டுக்கு யோசிக்காமல் எக்ஸ்55-ஐத்தான் எடுப்பேன். அதன் ஒவ்வொரு நோடிலும் 1 ஜிகாபிட் போர்ட் மூன்று இருப்பதால் டிவியையும் கேம் கன்சோலையும் நேராகச் செருகிவிடலாம்.

சரி, கேபிளுக்கு வழியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது போட்டி உண்மையில் நெட்கியரின் ஆர்பிக்கும் ஆசுஸின் ஜென்வைஃபைக்கும் இடையேதான். ஆர்பி 850 வரிசையில் நோடுகள் பேசிக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உண்டு. போன்களையும் லேப்டாப்புகளையும் அதில் ஏற விடுவதில்லை. வீட்டில் பல பேர் வீடியோ பார்த்தாலும் அந்தப் பாதை எளிதில் அடைபடாது. வயர்லெஸ் பேக்ஹாலுக்கு இதைவிட நேர்மையான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. குறைகளும் உண்டு. பெட்டி பெரிது, விலையும் அதிகம். ஒரு வரிசையின் நோடு அடுத்த வரிசையோடு பெரும்பாலும் சேராது என்பதால் சில வருடம் கழித்து ஒரு நோடு மட்டும் கூட்ட நினைத்தால் திண்டாட்டம்தான்.

ஜென்வைஃபை எக்ஸ்டி8-ம் மூன்று பேண்ட் செட்தான். இரண்டாவது 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை அது பேக்ஹாலுக்கு வைத்துக்கொள்கிறது. ஆர்பியைவிட எனக்கு இது பிடிக்கக் காரணம் ஏய்மெஷ். ஆசுஸின் ஏய்மெஷ் ரவுட்டர் ஏதாவது உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் அதையும் ஒரு நோடாகச் சேர்த்துக்கொள்ளலாம். பாதுகாப்பு, பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்றவற்றுக்குத் தனிச் சந்தா கிடையாது. ஆர்பி, ஈரோ, டெக்கோ மூன்றிலும் இவற்றில் பலவற்றுக்குச் சந்தா கேட்பார்கள். பிரவுசரில் உள்ளே போய்ச் சேனல், பேண்ட் என்று எதை வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றத் தெரியாதவருக்கு அந்தப் பக்கமே மிரட்டலாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு ஈரோ. 2016-ல் முதல் ரவுட்டரை விற்பனைக்கு விட்டு, 2019-ல் அமேசான் கைக்குப் போன நிறுவனம் இது. ஆப்பைத் திறந்து அது சொல்கிறபடி செய்தால் வேலை முடிந்தது. பழைய ஈரோவும் புதிய ஈரோவும் ஒன்றாகச் சேரும், இது பெரிய விஷயம். ஆனால் பிரவுசர் பக்கம் கிடையாது, கணக்கு இல்லாமல் நிறுவ முடியாது, 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைக்கவும் விடாது. 2.4 மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பல்பு, பிளக் அடம்பிடித்தால் ஆப்பில் 5 கிகாஹெர்ட்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து இணைத்துக்கொள்ளலாம்.

கூகுளின் நெஸ்ட் வைஃபை ப்ரோவை நான் பெரிய வீட்டுக்குச் சொல்ல மாட்டேன். 2022-ல் வந்த இது, முந்தைய கூகுள் வைஃபை, நெஸ்ட் வைஃபை எதனோடும் சேராது. ஒரு பெட்டிக்கு 2 போர்ட்தான், அவையும் 1 ஜிகாபிட்.

6 கிகாஹெர்ட்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், கடையில் அதைத்தான் அழுத்திச் சொல்வார்கள். நெரிசல் இல்லாத அலைவரிசை என்பது உண்மை. ஆனால் அலைவரிசை ஏற ஏறச் சுவரைத் தாண்டும் பலம் குறையும். டெக்கோ எக்ஸ்இ75-ஐ வாங்கி வைத்த புதிதில் அது 6 கிகாஹெர்ட்ஸைப் பேக்ஹாலாகத்தான் வைத்திருக்கும். நோடுகள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட நேருக்கு நேர் பார்க்கும் திறந்த கூடத்தில் அது அருமையாக ஓடும். நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் எக்ஸ்டி8-ன் 5 கிகாஹெர்ட்ஸ் பாதையையே நான் நம்புவேன்.

வைஃபை 7-ல் ஒரு நோடு பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பேக்ஹாலுக்குப் பயன்படுத்த முடியும். டெக்கோ பிஇ85, ஆர்பி 970, ஈரோ மேக்ஸ் 7 எல்லாம் அந்த ரகம்; 10 ஜிகாபிட் போர்ட்டும் உண்டு. இன்டர்நெட் இணைப்பே 1 ஜிகாபிட்டுக்குள் இருக்கும் வீட்டில் இதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு அன்றாடம் கண்ணில் படாது. 6 கிகாஹெர்ட்ஸில் எவ்வளவு திறந்துவிடுவது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். கீழ்ப்பகுதி 480 மெகாஹெர்ட்ஸ் மட்டும் திறந்திருக்கும் இடத்தில், விளம்பரத்தில் வரும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும்.

எதை வாங்கினாலும் நோடுகளைக் குறைவாக வையுங்கள். 2 போதும் என்றால் 3 வைக்காதீர்கள், ஒன்றின் சிக்னலை இன்னொன்று இடிக்கும். சிக்னல் வராத அறைக்குள் நோடை வைப்பதும் தவறு. அந்த அறைக்கும் ரவுட்டருக்கும் பாதி வழியில், கதவு நேராகத் தெரியும் இடத்தில் அல்லது படிக்கட்டு ஓரத்தில் வையுங்கள். நடந்துகொண்டே வீடியோ கால் பேசினால், எந்த நோடுக்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான், மெஷ் ஆலோசனை மட்டும்தான் சொல்லும். நோடு அதிகமாக இருந்தால் தூரத்து நோடையே பிடித்துத் தொங்கும் போன்களும் உண்டு.

இணைப்பு கொடுத்தவர்கள் வைத்த பெட்டியும் ஒரு ரவுட்டராக இருந்தால் ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு அதை மாற்றச் சொல்லுங்கள், அதன் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அவர்கள் மறுத்தால் மெஷ்ஷை, ரவுட்டர் வேலை செய்யாமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் ஓட்டலாம். ஈரோவில் அதற்குப் பெயர் பிரிட்ஜ். சிக்னல் பரவுவதில் குறை இருக்காது, ஆனால் ஈரோவிலும் டெக்கோவிலும் பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு அந்த மோடில் போய்விடும். அந்த வசதிக்காகவே மெஷ் வாங்குகிறவர்கள், ஆர்டர் போடும் முன் இணைப்பு கொடுத்தவர்களிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.